மண்மேட்டில் ஒரு நீலப்பூச்சி

சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இறக்கையை மடித்து உட்கார்ந்திருந்தால் அடுப்புச் சாம்பல் நிறம். அதில் பேனா முனையால் தொட்டு வைத்ததுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அப்போது உங்கள் கண்ணில் படவே படாது. வெயில் வந்து, அது இறக்கையைத் திறந்தால்தான் நீலம் தெரியும். அதுவும் பளிச்சென்ற நீலம் இல்லை. பலமுறை துவைத்த பள்ளிக்கூடச் சட்டையின் நீலம். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் அது பறப்பது அபூர்வம். வண்ணத்துப்பூச்சி என்றால் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். இதைப் பார்க்கக் குனிய வேண்டும்.

என் மகள் குனிந்து பார்த்த இடம் அவள் அம்மாவின் கல்லறை.

இதைப் பிள்ளைகள் படிக்க எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பெங்களூரில் ஒக்கலிபுரத்தில் குடியிருக்கிறேன். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கும் வேன் ஓட்டுகிறேன். எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா பேரு மட்டும் போடாதீங்க. என் கிளாஸ்ல யாராச்சும் படிச்சுட்டா அவ்ளோதான்."

அதனால் யார் பேரும் போடவில்லை.

என் மனைவி தங்கவயலில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவள். அந்த ரயிலுக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்த இடம் உங்களுடையது. கைக்குட்டை கிடக்கிற இடத்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் யாரும் உட்கார மாட்டார்கள். நானும் அதே ரயிலில் வேலைக்கு வந்து போனவன்தான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அவள் கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, ஆள் இருக்குன்னு தெரியல? எழுந்திருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எங்கள் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. இந்தக் கதையை அவள் மகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் கூடும்.

பிறகு அவள் நோயில் விழுந்தாள். ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒரு வருடம் போயிற்று. அவள் இறந்தபோது மகளுக்கு எட்டு வயது.

அடக்கத்துக்கு மகளும் வந்தாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். அவளும் போட்டாள். அழவில்லை. குழியை மூடி, செம்மண்ணை மேடாக்கி, தலைமாட்டில் மரச்சிலுவையை நட்டார்கள். அவள் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் குழாயடிக்குப் போய்க் கையில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். போதும் என்று நான்தான் குழாயை மூடினேன்.

அதற்குப் பிறகு கல்லறைக்குக் கூப்பிட்டால் வர மாட்டாள். வயிற்றுவலி என்பாள், நாளைக்கு டெஸ்ட் என்பாள். யாராவது அம்மா பேச்சை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். 'அம்மா' என்ற சொல்லே அவள் வாயில் வருவது நின்றுபோயிற்று. பிள்ளைகள் அழுதால் தேற்றத் தெரியும். அழாத பிள்ளையை என்ன செய்வது? எனக்குத் தெரியவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளை விட்டுப் போக அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாததால் கூடவே அழைத்துப் போனேன். "நான் கேட்டுலயே நிக்கிறேன்" என்றாள். வாசலில் இருந்த பூக்கடைக்காரம்மாவின் நாய் அவளைச் சுற்றிச் சுற்றி வந்ததால் பயந்துகொண்டு உள்ளே வந்தாள். நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்தடி தள்ளி, எங்கேயோ பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

"அப்பா, அசையாதீங்க. உங்க கால்கிட்ட என்னமோ இருக்கு."

பாம்பு என்று நினைத்துவிட்டேன். அவள் குந்தி உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கு மேடு முழுவதும் புளியாரை படர்ந்திருந்தது. மூன்று இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையோடு தரையாகக் கிடக்குமே, பிள்ளைகள் புளிப்புக்காகப் பறித்துத் தின்பார்களே, அதுதான். அதன் மேல் நாலைந்து நீலப்பூச்சிகள் தத்திக்கொண்டிருந்தன.

"இதுங்க இங்க என்ன பண்ணுது?"

"தெரியலையே, பாப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளே கேட்டாள். "இன்னைக்கு அங்க போகலையா?"

"அம்மாவைப் பாக்கவா?"

"இல்ல. பூச்சியைப் பாக்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூட்டிப் போனேன். எதற்காக வந்தால் என்ன, வருகிறாள் அல்லவா. அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பூச்சியைப் பார்ப்பாள். நான் ஜெபம் சொல்வேன். அவள் அம்மா கிடக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டி வர அந்தப் பூச்சியைத் தவிர வேறு எதனாலும் முடியவில்லை. அது போய்விட்டால் இவளும் வர மாட்டாள். அந்தப் பயம் என்னை அன்றே பிடித்துக்கொண்டது.

என் வேனில் முன் சீட்டில் வரும் பெண் ஒருத்தி லீவு கிடைத்தால் காடு, மலை என்று போய்ப் பூச்சிகளைப் படம் எடுப்பாள். அவள் போனில் வண்ணத்துப்பூச்சிப் படம் இருப்பதைப் பார்த்து ஒருநாள் எங்கள் நீலப்பூச்சியைப் பற்றிக் கேட்டேன்.

"புளியாரையிலயா? அதுக்குப் புல்வெளி நீலம்னு பேருண்ணா. அந்த இலை அடியில முட்டை வைக்கும். புழு அதைத்தான் தின்னும். புழு பக்கத்துல எறும்பு இருக்கும், பாத்திருக்கீங்களா?"

"எறும்பு புழுவைத் தின்னுடாதா மேடம்?"

"தின்னாதுண்ணா. புழு முதுகுல இனிப்பா ஒரு சொட்டு விடும். எறும்பு அதைக் குடிச்சிட்டு, வேற எதுவும் கிட்ட வராம காவல் காக்கும்."

"நம்ம கம்பெனி செக்யூரிட்டி மாதிரி."

"அவங்களைவிட ஒழுங்கா காக்கும்" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் குப்புறப் படுக்காத குறையாகத் தேடினோம். ஓர் இலையின் அடியில் புழுங்கலரிசி அளவில் ஒரு பச்சைப் புழு. அதன் மேல் இரண்டு எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "வேலைக்கு வந்திருக்குப்பா!" என்றாள். கல்லறையில் நின்று அவள் சிரித்தது அன்றுதான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று முடிவு செய்தேன், இந்த மேட்டில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்குவதில்லை என்று.

எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயம் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வரும். அதற்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் புல் செதுக்கி, எறும்பு மருந்து போட்டு, சுண்ணாம்பு அடித்து, பூவால் சிலுவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றும். சுத்தம் செய்யாத கல்லறை என்றால் அந்தச் செத்தவருக்கு யாரும் இல்லை என்று பொருள்.

அக்டோபரில் தங்கவயலிலிருந்து என் அக்கா வந்தாள். கல்லறைக்கு அழைத்துப் போனேன். புல் முழங்கால் உயரம் நின்றது. சிலுவையின் குறுக்குக் கட்டை மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னாடா இது? இது உன் பொண்டாட்டி குழியா, இல்ல கேட்பாரில்லாத காடா? ரெண்டு ஆடு மேஞ்சிருந்தாகூட இதைவிட நல்லா இருந்திருக்கும்!"

"பாப்பா ஆசைப்படுறாக்கா. பூச்சி இருக்குது."

"மண்ணு குழிடா. மேல கல்லோ சிமிட்டியோ கிடையாது. ஆள் வந்து போற அடையாளம் இல்லன்னா வேற ஒருத்தருக்கு வெட்டிடுவாங்க. அப்புறம் எங்க போய் மெழுகுவத்தி ஏத்துவே? பேசாம சிமிட்டி போட்டுடு" என்றவள் குரலை மாற்றிக்கொண்டு மகளின் தலையைத் தடவினாள். "பூச்சியா? உங்க அம்மாதான்டி அப்படி வந்திருப்பா, உன்னைப் பாக்க."

"இல்ல அத்தை. அது பூச்சி. புளியாரைக்கு வருது."

"பேச்சைப் பாரு. உரிச்சு வச்சிருக்கு" என்று அக்கா என்னைப் பார்த்தாள். யாரை உரித்து என்று சொல்லவில்லை.

ஆனால் அன்று பூச்சி ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. மகள் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாள். "முன்னல்லாம் நாலஞ்சு இருக்கும். இப்ப ஏன்ப்பா இல்ல?" மழை விட்டால் வரும் என்றேன். யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறோம், பிறகு ஏன் போகும்?

கல்லறைத் திருநாளன்று காலை ஷிப்ட் முடித்துவிட்டு, பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவும் ரயிலில் வந்து சேர்ந்தாள். உள்ளே ஒரே கூட்டம், மெழுகுவத்திப் புகை, சேவந்தி வாசனை. மேட்டைச் சுத்தம் செய்யாததற்கு அக்கா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எங்கள் வரிசைக்குத் திரும்பியதும் நின்றுவிட்டாள்.

புல் இல்லை. புளியாரை இல்லை. மேடு முழுவதும் கொத்திச் செதுக்கி, வெறும் செம்மண். சுற்றிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தது. நடுவில் சேவந்திப் பூவால் ஒரு சிலுவை, தலைமாட்டில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு மெழுகுவத்தி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடக்கத்தன்று பார்த்த அதே மண். அன்றைக்கே திரும்பிப் போய்விட்டோமோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.

நாலைந்து மேடுகள் தள்ளிக் களைக்கொத்தோடு குனிந்திருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் அக்கா வயது இருக்கும். கையெல்லாம் மண்.

"இது உங்களுதுங்களா?"

"ஆமாங்க. என் மனைவி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, யாருமில்லாத குழின்னு நெனச்சிட்டோங்க. எங்க அன்பியத்துல..." என்று இழுத்தார். எங்கள் சர்ச் பங்கில் ஒவ்வொரு தெருவுக்கும் சேர்ந்து ஜெபம் சொல்ல அன்பியம் என்று ஒரு குழு இருக்கும். "எங்க அன்பியத்துல வருஷா வருஷம் கேட்பாரில்லாத குழியாப் பாத்துச் சுத்தம் பண்ணி, ஒரு ஜெபமாலை சொல்லி, மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவோம். இவ்வளவு புல்லு இருந்துச்சா, அதான்..."

"யாருமில்லையா?"

என் மகள்தான் கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"யாருமில்லன்னு யாரு சொன்னா? நாங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றோம்! எங்க அம்மாக்கு நான் இருக்கேன்! எங்க அம்மாக்கு..."

செம்மண்ணில் அப்படியே முட்டி போட்டாள். அடக்கத்தன்று வர வேண்டிய அழுகை அப்போது வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அக்கா கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. "அழு கண்ணு, அழு" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வரட்டும் என்றுகூடப் பார்த்தேன். என் மனைவியின் பேர்கூடத் தெரியாத ஒருவர் அவளுக்காக வெயிலில் புல் செதுக்கி, ஜெபமாலை சொல்லியிருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது? அந்த மெழுகுவத்தியிலேயே எங்கள் மெழுகுவத்தியைப் பற்ற வைத்தேன். நாலு பேரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டேன். "அங்க என்ன இருக்கு?" என்றாள். மறுபடியும் நான் தனியாகப் போனேன். நான் பயந்ததுதான் நடந்தது.

அந்த வாரம் வேனில் இதைச் சொன்னேன். முன் சீட்டுப் பெண் போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க செதுக்குறதுக்கு முன்னாடியே பூச்சி போயிடுச்சுன்னு சொன்னீங்க, இல்ல?" என்றாள்.

"ஆமா மேடம். ரெண்டு மூணு வாரமா இல்ல."

"போன வருஷம் வடக்கே மலைக்குப் போயிருந்தேன். உச்சியில புல்வெளி. உங்க பூச்சியோட சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. இதே சைஸ், நல்லா அடர்த்தியான நீலம். ஆடு மேயுற சரிவுல நிறைய இருந்துச்சு. அடுத்த சரிவுல ஆடு விடுறதில்ல, புல்லு இடுப்பு வரைக்கும் நின்னுச்சு. அங்க தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணுகூட இல்ல. புல்லு வளந்துட்டா அடியில இருக்கிற சின்னச் செடிக்கு வெயில் கிடைக்காதுண்ணா. செடி போயிடும். தரை சில்லுன்னு ஆயிட்டா எறும்பும் வேற எடம் பாத்துக்கும். அப்புறம் பூச்சிக்கு அங்க என்ன இருக்கு?"

டின் ஃபாக்டரி சிக்னலில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். என் கால் அசையவில்லை. ரெண்டு ஆடு மேஞ்சிருந்தாகூட நல்லா இருந்திருக்கும் என்று அக்கா சொன்னது காதில் கேட்டது. பூச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஒதுங்கி நின்ற இடத்தில் புல் வளர்ந்து புளியாரையை மூடியிருக்கிறது. அந்த அம்மா செதுக்க வருவதற்கு முன்பே நான்தான் பூச்சியை விரட்டியிருக்கிறேன்.

"அண்ணா, சிக்னல்!" என்று பின்னாலிருந்து எல்லோரும் கத்தினார்கள்.

நவம்பர் மழை இரண்டு முறை பெய்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டில் கையை ஊன்றிப் பார்த்தேன். செம்மண்ணில் சிவப்பு நூல்போலத் தண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் கணுவில் மும்மூன்றாக இலைகள், கடுகு அளவில். புல் இன்னும் தலை தூக்கவில்லை. புளியாரை முந்திக்கொண்டது.

ஒரு துளிரைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்து வந்து, சாப்பிட உட்கார்ந்த மகளின் தட்டோரத்தில் வைத்தேன். அவள் எடுத்து வாயில் போட்டு மென்றாள். புளிப்புக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

"எங்க பறிச்சீங்க? ஸ்கூல் பக்கமா?"

"அம்மா மேட்டுல."

மெல்லுவதை நிறுத்தினாள். "வேர் சாகாம இருந்துச்சா?"

"இருந்திருக்கு."

மலை மேல் ஆடு மேய்கிற கதையைச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "நம்மகிட்டதான் ஆடு இல்லையே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கத்தரிக்கோல் இருக்கு" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் மேயத் தொடங்கினோம். அவள் பள்ளிக்கூடக் கத்தரிக்கோல், நான் மீசை கத்தரிக்கும் கத்தரிக்கோல். புல் ஒரு சாண் வந்தால் நறுக்கிவிடுவோம். புளியாரையைத் தொட மாட்டோம். எறும்பு மருந்து கிடையாது. அதைப் பார்த்து அக்கா, "தலை சீவி விடுற மாதிரி இல்ல பண்ணுதுங்க அப்பனும் மகளும்" என்று போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிண்டல்தான். ஆனால் சிமெண்ட் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புறப்படும்போது மகள் பீரோவைக் குடைந்து என்னவோ எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கல்லறையில் அதை வெளியே எடுத்தாள். அவள் அம்மாவின் கைக்குட்டை. வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சை நூல் தையல். மரச்சிலுவையின் குறுக்குக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். சரியாக நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். நான் உதவிக்குக் கையை நீட்டியபோது தள்ளிவிட்டாள்.

"எதுக்குடா கண்ணு?"

"இனிமே யாரும் யாருமில்லன்னு நெனைக்க மாட்டாங்க."

ரயில் பெட்டியில் ஒலித்த அந்தச் சத்தம் எனக்கு மறுபடி கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு புல் நறுக்கினேன்.

அன்று ஒரு பூச்சி வந்தது. ஒன்றே ஒன்று. சாம்பல் நிறத்தில் புளியாரை மேல் உட்கார்ந்திருந்தது. மேகமாக இருந்ததால் இறக்கையைத் திறக்கவில்லை. நாங்கள் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. திறந்தது. அந்தப் பழைய சட்டை நீலம். மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். மறுபடி மேகம் மூடியது. அது எழும்பி, மேட்டின் அந்தப் பக்கம் புல்லோடு தத்திப் போய்க் கண்ணுக்கு மறைந்தது.

கத்தரிக்கோல்களைத் துடைத்துப் பையில் வைத்தேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் அவள் காலடிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தேன். பூச்சி திரும்பி வரவில்லை. அவள் மேட்டின் எதிரே நின்று கைக்குட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"போயிட்டு வர்றேம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."